விழா மேடைப் பதிவு இரண்டாந்தரம் அல்ல

1968 ஜூன் மாதத்தில் ஒரே வார இடைவெளிக்குள் பில் எவன்ஸின் மூவர் குழு ஐரோப்பாவில் மூன்று இடங்களில் ஒலிப்பதிவானது. ஜூன் 15 அன்று ஸ்விட்சர்லாந்தில், ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மோன்ட்ரூ நகரின் கஸினோவில், ஜாஸ் விழா மேடையில். ஜூன் 20 அன்று ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் பகுதியில், வில்லிங்கன் என்ற ஊரில், ஒரு ஸ்டுடியோவில். ஜூன் 22 அன்று நெதர்லாந்தின் ஹில்வர்சம் நகரில், வானொலி நிலைய அரங்கில், சிறு கூட்டத்தின் முன்னால். பியானோ எவன்ஸ், பேஸ் எடி கோமெஸ், டிரம்ஸ் ஜாக் டிஜானெட். மோன்ட்ரூ பதிவை வெர்வ் நிறுவனம் அதே ஆண்டில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. ஸ்டுடியோப் பதிவு 2016-லும், வானொலிப் பதிவு 2017-லும்தான் வெளியே வந்தன. அதே மூன்று பேர், அதே வாரம், சூழல் மட்டும் வேறு. விழா மேடையில் பதிவாகும் ஜாஸ் பியானோ ஆல்பத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்வியை ஊகத்தால் அல்லாமல் காதால் கேட்டே தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு இசை வரலாற்றில் அதிகம் இல்லை.

கேள்வி எழக் காரணம் உண்டு. ஸ்டுடியோவில் உருவாக்கியதே கலைஞரின் உண்மையான படைப்பு, மேடையில் பதிவு செய்தது வந்திருந்தவர்களுக்கான நினைவுப் பொருள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இசை விரும்பிகள் ஒரு கலைஞரைக் கேட்கத் தொடங்கும்போது ஸ்டுடியோ ஆல்பங்களை வரிசையாகக் கேட்டு முடித்துவிட்டு, நேரமிருந்தால் மேடைப் பதிவுக்கு வருகிறார்கள். சினிமாப் பாட்டில் வளர்ந்த நமக்கு இது இயல்பாகவே தோன்றும். அங்கே பாட்டு முதலில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறக்கிறது. மேடையில் பாடுவது அதன் நகல். அசலுக்கு எவ்வளவு நெருங்கி வந்தது என்பதே அளவுகோல். அந்த அளவுகோலை அப்படியே ஜாஸுக்கும் தூக்கிக்கொண்டு போவதுதான் சிக்கல். ஜாஸில் மேடைக்கு முந்தைய அசல் என்று ஒன்று கிடையாது.

ஜாஸ் பியானோ மூவர் குழு வாசிக்கும் முறையைப் பார்த்தாலே இது புரியும். பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய பாட்டை எடுத்துக்கொள்வார்கள். பிராட்வே நாடகப் பாட்டாகவோ பழைய ஹாலிவுட் பாட்டாகவோ இருக்கும். அதன் மெட்டை ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, மெட்டுக்கு அடியில் ஓடும் ஸ்வரக்கட்டுகளின் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு, சுற்றுக்குச் சுற்று அந்த நொடியில் தோன்றுவதை வாசிப்பார்கள். கர்நாடக இசை கேட்பவரிடம் மனோதர்மம் என்றால் போதும், விளக்கம் தேவைப்படாது. மோன்ட்ரூ ஆல்பத்தில் ‘சம்டே மை பிரின்ஸ் வில் கம்’ இருக்கிறது. டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ படத்துக்காக எழுதிய பாட்டு அது. எவன்ஸ் அதை 1959-லேயே ஸ்டுடியோவில் வேறு இருவருடன் பதிவு செய்திருந்தார். மெட்டு தெரிந்துகொள்ள யாரும் இந்த ஆல்பத்தைத் தேடிப் போவதில்லை. அந்த மெட்டை வைத்து அந்த மூவர் அந்தச் சனிக்கிழமை என்ன செய்தார்கள் என்பதே கேட்க வேண்டியது. ஆக, பதிவாவது ஒரு நிகழ்வு. நிகழ்வு நடந்த இடமும் நேரமும் எதிரில் இருந்தவர்களும் அதற்கு வெளியே நிற்பவை ஆகா.

மேடை என்றாலும் எல்லா மேடையும் ஒன்றல்ல. எவன்ஸின் புகழ்பெற்ற மேடைப் பதிவு 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு கிளப்பில் நடந்தது. பேஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன். பதினொரு நாள் கழித்து லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார்; அப்போது அவருக்கு 25 வயது. அந்தப் பதிவில் பியானோவுக்குப் பின்னால் கண்ணாடிக் கோப்பைகள் மோதும் சத்தமும் மேசையில் உட்கார்ந்தவர்களின் பேச்சும் சிரிப்பும் கேட்கின்றன. ஆனால் அன்று மதியமும் இரவுமாக ஐந்து முறை வாசித்தார்கள். சில பாட்டுகளை இரண்டு மூன்று தடவை. அதிலிருந்து நல்லவற்றைத் தேர்ந்தெடுத்து இரண்டு இசைத்தட்டுகள் ஆக்கினார்கள். முதல் தடவை ‘குளோரியாஸ் ஸ்டெப்’ வாசித்தபோது பதிவு நடுவில் அறுந்தது. அதை ஒதுக்கிவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொள்ள முடிந்தது. கிளப்பில் ஒரு சுற்று சரியாக வராவிட்டால் அடுத்த சுற்று இருக்கிறது. விழாவில் அது கிடையாது. குழுவுக்கு ஒதுக்கிய நேரம் ஒரே ஒரு முறை வரும். முன்னால் வாசித்தவர் இறங்கியதும் ஏற வேண்டும், பின்னால் வருபவர் காத்திருப்பார். எதை முதலில் வாசிப்பது, எங்கே கூட்டத்தை அடக்குவது, எங்கே விட்டுப் பிடிப்பது என்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிவாக வேண்டும். இந்த நெருக்கடியைக் குறையாகவே பலர் பார்க்கிறார்கள். இசைக்கு ஒரு வடிவம் கொடுப்பதே அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மோன்ட்ரூ அப்போது பெரிய விழாவும் அல்ல. நகரின் சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்த்த கிளோட் நோப்ஸ், வானொலிக்காரரும் பியானோ கலைஞருமான ஜியோ வூமார், பத்திரிகையாளர் ரெனே லாங்கெல் மூவரும் சேர்ந்து 1967-ல் மூன்று நாள் நிகழ்ச்சியாகத் தொடங்கியது. முதலாண்டில் சாக்ஸபோன் கலைஞர் சார்ல்ஸ் லாய்டின் நால்வர் குழு அங்கே வாசித்தது, அதன் டிரம்மர் டிஜானெட். மறு ஆண்டு அவர் எவன்ஸுடன் அதே ஊருக்குத் திரும்பி வந்தார். இசைத்தட்டின் தொடக்கத்தில் வூமாரின் அறிமுகக் குரல் வருகிறது, கைதட்டல் வருகிறது, உடனே ‘ஒன் ஃபார் ஹெலன்’. எவன்ஸின் மேலாளரும் இந்த ஆல்பத்தின் தயாரிப்பாளருமான ஹெலன் கீனுக்காக அவர் எழுதியது. உறையில் ஏரிக்கரையில் உள்ள ஷியோன் கோட்டையின் படம். கேட்பவர் ஓர் ஊருக்குள், ஒரு மாலைக்குள் நுழைகிறார் என்பதை உறையும் அறிமுகமும் சேர்ந்து சொல்லிவிடுகின்றன.

இந்த ஆல்பத்தில் இரண்டு இடங்களை நெருங்கிக் கேட்க வேண்டும். ஒன்று ‘நார்டிஸ்’. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1958-ல் சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லிக்காக எழுதிக் கொடுத்த மெட்டு. அந்தப் பதிவில் பியானோ வாசித்தவர் எவன்ஸ். டேவிஸ் பிறகு அதைத் தாமே பதிவு செய்யவில்லை. எவன்ஸோ வாழ்நாள் முழுக்க அதை விடவில்லை. மோன்ட்ரூவில் அந்த மெட்டு டிஜானெட்டுக்கான களமாக மாறுகிறது. மற்ற இருவரும் ஒதுங்கி நிற்க, அவர் தனியாக வாசிக்கும் பகுதியில் தாளம் காட்டுவது மட்டும் நடக்கவில்லை. மெட்டின் வாக்கியங்களை டிரம்ஸிலேயே பேசிக்காட்டுகிறார். அவர் பியானோ பயின்றவர் என்பது அங்கே காதில் விழுகிறது. அந்தத் தனி ஆவர்த்தனத்துக்குப் பிறகு மெட்டு திரும்பும்போது, தொடக்கத்தில் கேட்ட பழைய மெட்டாகவே அது ஒலிப்பதில்லை. இன்னொன்று கெர்ஷ்வினின் ‘ஐ லவ்ஸ் யூ, போர்கி’. இங்கே பேஸும் டிரம்ஸும் இல்லை, எவன்ஸ் மட்டும். விழாக் கூட்டத்தின் முன்னால், நிகழ்ச்சி சூடுபிடித்திருக்கும் வேளையில், தன் குழுவின் இரண்டு இளைஞர்களையும் நிறுத்திவிட்டு, மிக மெல்லிய ஒரு பாட்டைத் தனியாக வாசிக்கிறார். கூட்டம் மூச்சுக் காட்டவில்லை. வாசிப்பின் இடைவெளிகளில் அரங்கத்தின் அளவு தெரிகிறது. ஸ்வரம் அடங்கும்வரை அவர் காத்திருப்பது தெரிகிறது. அமைதியான அறையில் அமைதியாக வாசிப்பது ஒரு காரியம். சத்தம் போடத் தயாராக வந்த கூட்டத்தை அமைதிக்குக் கொண்டுவந்து அங்கே நிறுத்தி வைப்பது வேறு காரியம். பின்னது இந்தப் பதிவில்தான் இருக்கிறது.

ஐந்து நாள் கழித்து வில்லிங்கனில் செய்த ஸ்டுடியோப் பதிவோடு இதை ஒப்பிடலாம். அங்கே ஒலிப்பதிவு செய்தவர் ஹான்ஸ் கேயார்க் ப்ரூனர்-ஷ்வேர். பியானோவைப் பதிவு செய்வதில் பேர் பெற்றவர், பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனைத் தன் வீட்டுக்கே வரவழைத்துப் பதிவு செய்தவர். பியானோ ஒலியின் செழுமையில் அந்தப் பதிவுக்கு மோன்ட்ரூ ஈடாகாது என்பதைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். எவன்ஸின் விரல் எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தியது என்பதுவரை கேட்கிறது. அருமையான இசை, நாற்பத்தெட்டு ஆண்டுகள் அது வெளிவராமல் கிடந்தது பெரிய இழப்பு. ஆனால் டிஜானெட்டைத் தேடிப் பாருங்கள். பல பாட்டுகளில் அவர் பிரஷ்ஷை வைத்து மெல்லத் தடவிக்கொண்டிருக்கிறார். சிலவற்றில் வாசிக்கவே இல்லை, பியானோவும் பேஸும் மட்டும். அறையும் நேரமும் அதைத்தான் கேட்டன. மோன்ட்ரூ பதிவு இல்லாமல் வில்லிங்கன் மட்டும் கையில் இருந்திருந்தால், இந்தக் குழு எவன்ஸின் பழைய குழுக்களின் மென்மையான தொடர்ச்சி என்ற முடிவுக்கே வந்திருப்போம். சில மாதங்களில் மைல்ஸ் டேவிஸ் இதே டிரம்மரைத் தன் குழுவுக்கு இழுத்துக்கொண்டு, 1969 ஆகஸ்டில் பதிவு செய்த ‘பிட்சஸ் ப்ரூ’ என்ற ஆல்பத்தால் ஜாஸையே வேறு பாதையில் திருப்பியபோது, அது எங்கிருந்து வந்தது என்று திகைத்திருப்போம். விழா மேடை டிஜானெட்டைத் திறந்துவிட்டது. எவன்ஸையும் அவர் தள்ளுகிறார். வழக்கமாகத் தலையைக் கட்டைகள் மேல் கவிழ்த்து உள்ளுக்குள்ளேயே வாசிப்பவர் என்று பெயரெடுத்த எவன்ஸ் இங்கே பல இடங்களில் நிமிர்ந்து, பாய்ந்து வாசிக்கிறார்.

இந்தக் குழு ஏறக்குறைய ஆறு மாதமே நீடித்தது. 2016 வரை அதற்கு முறையாக வெளியான சாட்சி இந்த மோன்ட்ரூ ஆல்பம் ஒன்றுதான். ஸ்டுடியோவுக்கு ஒரு குழு போக வேண்டுமானால் நிறுவனம் நாள் குறிக்க வேண்டும், ஒப்பந்தம் பார்க்க வேண்டும், என்ன வாசிப்பது என்று பேச வேண்டும். அதற்குள் குழு கலைந்துபோகும். ஜாஸ் குழுக்கள் அப்படித்தான் சேர்ந்து பிரிகின்றன. வில்லிங்கன் பதிவு பெட்டிக்குள் போனதற்கு உரிமைப் பிரச்சினையே காரணம். விழாவோ யார் யார் சேர்ந்திருக்கிறார்களோ அவர்களை அந்த நிலையிலேயே மேடையேற்றுகிறது. அடுத்த ஆண்டு, 1969 ஜூனில், அதே கஸினோவில் பியானோ கலைஞர் லெஸ் மெக்கேன் தன் மூவர் குழுவோடு ஏறியபோது சாக்ஸபோனுக்கு எடி ஹாரிஸும் டிரம்பெட்டுக்கு பென்னி பெய்லியும் கூடச் சேர்ந்தார்கள். சேர்ந்து ஒத்திகை பார்க்கவே இல்லை. வியட்நாம் போரைச் சாடும் ‘கம்பேர்டு டு வாட்’ பாட்டோடு ‘ஸ்விஸ் மூவ்மென்ட்’ என்று வந்த அந்த ஆல்பம் பெரும் வெற்றி பெற்றது. எந்தத் தயாரிப்பாளரும் முன்கூட்டித் திட்டமிட்டு அப்படி ஒரு பதிவைச் செய்திருக்க மாட்டார்.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. விழாக் கூட்டம் இசைக்கலைஞரைக் கெடுக்கிறது என்பது முதலாவது. ஆயிரக்கணக்கானோர் முன்னால் நீளமான டிரம் தனி, வேகம், சத்தம் இவையே எடுபடும். கலைஞரும் அதற்கு இறங்கிப் போவார் என்கிறார்கள். நடக்காததல்ல. தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் தன் பாப்லோ இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1975-லும் 1977-லும் மோன்ட்ரூவில் அடுக்கடுக்காகப் பதிவு செய்து வெளியிட்ட ஆல்பங்களில், கைதட்டலுக்காகவே ஓடும் பக்கங்கள் இருக்கின்றன. ஆனால் அதே விழாவில் 1974-ல் பியானோ கலைஞர் செசில் டெய்லர் தனியாக உட்கார்ந்து ‘சைலன்ட் டங்ஸ்’ ஆல்பத்தின் இசையை வாசித்தார். மெட்டு, தாளம், இனிமை என்று கூட்டம் எதிர்பார்க்கும் எதற்கும் ஒரு அங்குலம் கூட விட்டுக்கொடுக்காத இசை அது. 1973-ல் மெக்காய் டைனர் அங்கே பதிவு செய்த ‘என்லைட்டன்மென்ட்’ அடைமழைபோல் கொட்டும் வாசிப்பு. அதை அவரிடமிருந்து கூட்டம் பிடுங்கவில்லை, அது அவருடைய இயல்பு. எவன்ஸ் ‘போர்கி’ வாசித்ததை மேலே சொன்னேன். கூட்டம் அழுத்தம் தருகிறது என்பது உண்மை. அதற்குப் பணிவதா, எதிர்த்து நிற்பதா, அதையே இசைக்குப் பயன்படுத்திக்கொள்வதா என்பதை ஒவ்வொரு கலைஞரும் எப்படித் தீர்த்தார் என்பது பதிவிலேயே கேட்கிறது. தரம் பிரிக்க அது நல்ல வழி. அழுத்தமே இல்லாத இடத்தில் அந்தச் சோதனையும் இல்லை.

இரண்டாவது மறுப்பு பியானோ பற்றியது. சாக்ஸபோன்காரர் தன் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். பியானோ வாசிப்பவர் அங்கே இருப்பதை வாசிக்க வேண்டும். விழாவில் ஒரே பியானோவை ஒரே மாலையில் பலர் தட்டியிருப்பார்கள், ஸ்ருதி நழுவியிருக்கும், மைக் வைத்த இடம் டிரம்ஸ் சத்தத்தையும் இழுக்கும். இந்த மறுப்பில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஒலி மட்டுமே முக்கியம் என்பவருக்கு ஸ்டுடியோவே சரி. மீதிப் பாதிக்குப் பதில், கீத் ஜாரெட் 1975 ஜனவரியில் கொலோன் நகர ஓபரா அரங்கில் வாசித்ததில் இருக்கிறது. அது விழா அல்ல, தனிக் கச்சேரி; ஆனால் பியானோ மோசமானது, மேல் ஸ்தாயி கீச்சென்றது, கீழ் ஸ்தாயி பலமில்லாமல் இருந்தது. அவர் நடு ஸ்தாயியிலேயே நின்று, இடக்கையில் ஒரே உருவை விடாமல் சுழற்றிச் சுழற்றி வாசித்தார். உலகில் மிக அதிகமாக விற்ற பியானோ ஆல்பங்களில் ஒன்றாக அந்தப் பதிவு ஆனது. கெட்ட பியானோ நல்லது என்று நான் வாதிடவில்லை. வாத்தியத்தின் குறைக்கு ஈடுகொடுக்க அந்தக் கணத்தில் எடுக்கும் முடிவுகளும் ஜாஸ் கலைஞரின் வித்தையில் சேர்ந்தவை. எவன்ஸ் மோன்ட்ரூவுக்கு 1970-லும் 1975-லும் திரும்பி வந்து பதிவு செய்தார்; பின்னதில் டிரம்ஸே இல்லை, கோமெஸ் மட்டும் கூட, எலெக்ட்ரிக் பியானோவும் வைத்திருந்தார். அதே ஊரில் மூன்று பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு கலைஞர் ஏழாண்டில் எப்படி மாறினார் என்பது தெரிகிறது.

இருப்பதில் கடினமான மறுப்பு கிளென் கோல்டு எழுப்பியது. மேற்கத்திய செவ்வியல் பியானோவில் பெரும்பெயர் பெற்ற அவர் 1964-ல் மேடையையே கைவிட்டார். டேப்பை வெட்டி ஒட்டி, பல தடவை வாசித்ததிலிருந்து சிறந்ததைக் கோத்து உருவாக்கும் பதிவே கலைஞருக்கு முழுச் சுதந்திரம் தருகிறது என்று எழுதி வாதிட்டார். எவன்ஸும் ஸ்டுடியோவுக்கு எதிரி இல்லை. 1963-ல் ‘கான்வர்சேஷன்ஸ் வித் மைசெல்ஃப்’ ஆல்பத்தில் தன் பியானோ மேலேயே இன்னும் இரண்டு பியானோவை அடுக்கிப் பதிவு செய்து அதற்கும் கிராமி வாங்கியவர். அது மேடையில் நடக்கவே முடியாத இசை. ஆகவே கோல்டு சொன்னது எழுதி முடித்த இசைக்கும், அடுக்கிக் கட்டும் இசைக்கும் பொருந்துகிறது. மூன்று பேர் ஒருவரையொருவர் கேட்டு அந்த நொடியில் மறுமொழி சொல்லும் இசைக்கு அது பொருந்தாது. பேஸ்காரர் எடுத்த ஒரு திருப்பத்துக்கு பியானோ பதில் சொல்லியிருக்கும். பதிலை மட்டும் வேறு தடவையிலிருந்து எடுத்து ஒட்டினால், கேட்காத கேள்விக்குப் பதில் வந்ததாக ஆகும். 1959-ல் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்துக்கு உறைக்குறிப்பு எழுதியவர் எவன்ஸ்தான். மெல்லிய தாளில் தூரிகையை எடுத்தால் தயங்கவோ அழிக்கவோ முடியாத ஜப்பானிய ஓவிய மரபோடு ஜாஸ் மனோதர்மத்தை அதில் ஒப்பிட்டிருந்தார். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஸ்டுடியோப் பதிவாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். அதில் உள்ளவற்றில் பெரும்பாலானவை முழுமையாக வாசித்து முடித்த முதல் தடவைகள். ஸ்டுடியோவில் ஜாஸ் உயிரோடு இருக்க, மேடையின் விதியை ஸ்டுடியோவுக்குள் கடன் வாங்க வேண்டியிருந்தது.

நேரடிப் பதிவு என்று அட்டையில் போட்டிருப்பதெல்லாம் நேரடிப் பதிவா என்ற சந்தேகமும் எழுகிறது. இது நியாயமான சந்தேகம். சான்றும் கையில் இருக்கிறது. டியூக் எலிங்டனின் பெரிய குழு 1956 ஜூலை 7 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் விழாவில் வாசித்தது. சாக்ஸபோன் கலைஞர் பால் கொன்சால்வெஸ் 27 சுற்று தொடர்ந்து வாசிக்க, கூட்டம் நாற்காலியை விட்டு எழுந்து ஆடியது. எலிங்டனின் மங்கிய புகழை மீட்ட இரவு அது. ஆனால் கொன்சால்வெஸ் நின்றது பதிவு செய்ய வந்த இசைத்தட்டு நிறுவனத்தின் மைக்குக்கு முன்னால் இல்லை, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்குக்கு முன்னால். நிறுவனம் பெரும்பகுதியை ஸ்டுடியோவில் மறுபடி வாசிக்க வைத்து, கைதட்டலைச் சேர்த்து, நியூபோர்ட் ஆல்பம் என்று விற்றது. வானொலியின் டேப் பிற்பாடு கிடைத்து, 1999-ல்தான் மேடையில் நடந்தது முழுதாக வெளிவந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மக்கள் ஒட்டுவேலையைக் கேட்டு அந்த இரவை வியந்திருக்கிறார்கள். இதைக் காட்டி நேரடிப் பதிவையே நிராகரிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது எதிர்த்திசையைக் காட்டுகிறது. உண்மையான டேப் வெளிவந்தபோது யாரும் பழைய ஒட்டுப்பதிப்புக்குத் திரும்பிப் போக விரும்பவில்லை. கொன்சால்வெஸின் சாக்ஸபோன் தள்ளியிருந்து மங்கலாகக் கேட்ட பழைய பதிப்பைவிட, குழு அவரை உரக்கக் கத்தி ஊக்குவிப்பது உள்பட எல்லாம் கேட்கும் புதிய பதிப்பே அந்த இரவைப் புரியவைத்தது.

ஆகையால் விழாப் பதிவுகளை வைத்திருப்பவர்களிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. மோன்ட்ரூ விழாவின் ஒலி, ஒளிப் பதிவுகள் ஐயாயிரம் மணி நேரத்துக்கும் மேல். 2013-ல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. லோசான் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவற்றை டிஜிட்டல் வடிவுக்கு மாற்றும் வேலையை ஏற்றுக்கொண்டது. அந்தக் கஸினோவே 1971 டிசம்பரில் ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் நிகழ்ச்சியின்போது எரிந்து போனது. எவன்ஸ் ‘போர்கி’ வாசித்த அரங்கம் இப்போது பதிவில் மட்டும்தான் இருக்கிறது. இப்படிக் காப்பாற்றியதை வெளியிடும்போது நல்ல பாட்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துச் சிறு சிறு துண்டாகத் தருவது வழக்கமாகிவிட்டது. இணையத்தில் கேட்பவருக்கோ ஒரு பாட்டு மட்டும், அறிமுகமும் கைதட்டலும் வெட்டிய நிலையில் வந்து சேருகிறது. ‘நார்டிஸ்’ஸின் ஆரவாரத்தையும் ‘போர்கி’யின் அமைதியையும் தனித்தனியாகக் கேட்பவருக்கு, ஒரே மாலைக்குள் எவன்ஸ் அந்த இரண்டுக்கும் இடையே கடந்த தூரம் தெரியாது. எனவே ஒரு கலைஞர் மேடையேறியது முதல் இறங்கியது வரை முழுதாக, வாசித்த வரிசை மாறாமல், நாளும் இடமும் யார் யார் வாசித்தார்கள் என்பதும் தெளிவாகக் குறித்து வெளியிட வேண்டும். எங்காவது மறுபடி வாசித்ததை ஒட்டியிருந்தால் அட்டையிலேயே சொல்ல வேண்டும். பதிவு செய்த நிறுவனத்துக்கும் கலைஞரின் வாரிசுகளுக்கும் இடையே உரிமை பேசி முடிக்க நாற்பத்தெட்டு ஆண்டு ஆகக் கூடாது. வில்லிங்கன் டேப் வெளிவந்தபோது கோமெஸும் டிஜானெட்டும் அதைக் கேட்க இருந்தார்கள், 1980 செப்டம்பரில் 51 வயதில் இறந்துபோன எவன்ஸ் இல்லை.